மூணா, எட்டா?

மார்கழி பிறந்துவிட்டால் மதுரைக்காரர்களுக்கு இரண்டு கவலைகள் வரும். ஒன்று, விடிகாலை ஐந்து மணிக்கு அலறும் ஒலிபெருக்கி. இன்னொன்று, "இந்த வருஷம் டைரி யார் தருவாய்ங்க?"

கவனியுங்கள். 'எங்கே வாங்கலாம்' அல்ல, 'யார் தருவார்கள்!' டைரி என்பது காசு கொடுத்து வாங்குகிற பொருள் என்பதை எங்கள் ஊர் ரொம்ப நாள் ஒப்புக்கொண்டதே கிடையாது. காய்கறியோடு கறிவேப்பிலை மாதிரி அதுவும் ஒரு கொசுறு. பேங்க் மேனேஜரைத் தெரியுமா, பெரிய டைரி. கேஷியரை மட்டும்தான் தெரியுமா, பாக்கெட் டைரி. வாசலில் நிற்கும் வாட்ச்மேனைத்தான் தெரியும் என்றால் ஒரு காலண்டர். அதுவும் பிப்ரவரி பாதிக்கு மேல், ஜனவரித் தாளைக் கிழித்துவிட்டு! ஒருத்தருடைய செல்வாக்கை அவர் கக்கத்தில் இருக்கும் டைரியின் கனத்தை வைத்தே எடை போட்டுவிடலாம்.

அடியேன் 31 வருஷம் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். சர்வீஸில் இருந்தவரை வருஷத்துக்கு ஆறு டைரி வீடு தேடி வரும். ஒன்று எனக்கு. ஒன்று பால் கணக்குக்கு. ஒன்று இல்லத்தரசி கோலம் போட்டுப் பழக. மிச்சம் மூன்றை அக்கம்பக்கத்தில் தானம் செய்து 'தர்மப்பிரபு' என்று பேர் வாங்கியிருந்தேன். ரிடையர் ஆன மறு வருஷம் மூன்றாகக் குறைந்தது. அப்புறம் 2020 செப்டம்பரில் மத்திய நிதியமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அமைச்சகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் எதுவும் இனி காலண்டர், டைரி அச்சடிக்க வேண்டாம், எல்லாம் டிஜிட்டலாக இருக்கட்டும் என்று. சிக்கனம்தான், நியாயம்தான். ஆனால் என் டைரி வரத்து அதோடு வைகை மாதிரி ஆகிப்போனது. எப்போதாவது வரும்!

போன வருஷம் அப்படி எப்போதாவது வந்த ஒரு டைரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். கொடுத்தவர் பெயர் வேண்டாம். தங்க நிற ஓரம், தோல் மாதிரி அட்டை, பட்டு நாடா என்று மாப்பிள்ளை ஜோரில் இருந்தது.

அதற்கு முன் என் பேனாவைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் இன்றைக்கும் மைப் பேனாவில்தான் எழுதுகிறேன். "அதான் அஞ்சு ரூபாய்க்கு பால்பாயிண்ட் விக்கிதே, இன்னும் இங்க் பாட்டிலைக் கட்டிக்கிட்டு அழுவுறியேப்பா!" என்று கேட்காத நண்பர் இல்லை. இதில் வீம்பும் இல்லை, பந்தாவும் இல்லை. 31 வருஷம் மூன்று கார்பன் வைத்து அழுத்தி அழுத்தி எழுதியதில் வலது கைக் கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. பால்பாயிண்டை அழுத்தினால்தான் எழுதும். மைப் பேனாவை அழுத்தவே வேண்டாம். காகிதத்தைத் தொட்டால் போதும், மை தானே இறங்கும். எனக்கு அது பேனா மட்டும் இல்லை, அரை வைத்தியர்.

வீட்டில் அம்மா இருக்கிறாள். வயது 79, சர்க்கரைக்கு வயது 22. தினமும் காலை ஆறு மணிக்கு விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், மெஷினில் ஓர் எண். அதை டைரியில் குறித்துவிட்டு நான் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவேன். இட்லிக்கு முன்னால் என் மனைவி அந்த எண்ணைப் பார்த்து, டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கும் அட்டவணையோடு ஒப்பிட்டு இன்சுலின் போடுவாள். எண் கூடினால் மருந்தின் அளவும் கூடும், குறைந்தால் குறையும். ஆக, இந்த ஏற்பாடு முழுக்க டைரியில் இருக்கும் மூன்று இலக்கத்தை நம்பித்தான் ஓடுகிறது.

அன்று நான் வைகைக் கரைப் பக்கம் நடந்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். மனைவி ஒரு கையில் ஊசி, மறு கையில் டைரியோடு ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கிறாள்.

"என்னங்க, இங்கிட்டு வாங்க. அத்தைக்கு இன்னிக்கு நூத்தி முப்பதா, நூத்தி எம்பதா?"

"நூத்தி முப்பது. நல்லாத்தானே எழுதியிருக்கேன்?"

"நீங்க எழுதினது நல்லாத்தான் இருக்கும். இப்ப என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க."

பார்த்தேன். 3 என்ற எண்ணின் இரண்டு வாயையும் மை ஊறி அடைத்திருந்தது. சாட்சாத் 8! போதாததற்கு முந்தின நாள் எண் பின்பக்கத்திலிருந்து ஊடுருவி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மெஷினின் நினைவில் தேடினாள். 130. சரியான அளவு மருந்து ஏறியது. "இதுக்கா இம்புட்டு நேரம்? இட்லி ஆறுது" என்றாள் அம்மா.

ஆனால் எனக்கு இட்லி இறங்கவில்லை. 130-ஐ 180 என்று படித்துவிட்டு ஊசி போட்டிருந்தால்? இன்சுலின் தேவைக்கு மேல் போனால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். வேர்க்கும், கை நடுங்கும், நினைவு தப்பும். 79 வயது உடம்பு அதைத் தாங்குமா?

மகனிடம் சொன்னேன். "ஃபோன்ல ஒரு ஆப் போட்டுத் தர்றேன்ப்பா" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் என் ஃபோன் என்னோடு நடக்கப் போய்விடும், மனைவி ஃபோன் சார்ஜில் கிடக்கும். டாக்டரோ, "மூணு மாச எண்களையும் சேர்ந்தாப்ல பார்க்கணும், நோட்டைக் கொண்டாங்க" என்கிறார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கத் தோதாகச் சாமி அலமாரியில் கிடப்பது டைரிதான். ஆகவே, மாற வேண்டியது டைரி இல்லை, டைரியின் காகிதம்!

ஒரே பேனா, ஒரே மை. ஒரு காகிதத்தில் மணி மணியாக நிற்கிறது, இன்னொன்றில் பூரான் கால் மாதிரி பரவுகிறது. ஏன்?

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இரண்டு வேட்டி இருக்கிறது. ஒன்று கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி ஆனது. இன்னொன்று துவைத்துத் துவைத்துத் தொய்ந்தது. இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பழைய வேட்டி உடனே குடித்துவிடும். கஞ்சி வேட்டியில் சொட்டு கொஞ்ச நேரமாவது யோசிக்கும். காகிதமும் அப்படியே. அது நார்களின் பின்னல். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி நார் தண்ணீரை இழுக்கும். மைப் பேனா மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். இழுக்காமல் தடுக்க ஆலையில் காகிதத்துக்கும் கஞ்சி போடுகிறார்கள். மரவள்ளி மாவு, மக்காச்சோள மாவு, பிசின் என்று பல தினுசு. பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை 1807-ல் ஜெர்மனியைச் சேர்ந்த இல்லிக் என்பவர் வெளியிட்டார். (அந்தப் படிகாரம் காகிதத்தைப் புளிப்பாக்குவதால்தான் பழைய புத்தகங்கள் பழுத்து அப்பளமாக நொறுங்குகின்றன.) இந்தக் கஞ்சியே போடாத காகிதத்துக்கும் ஒரு பேர் உண்டு. மை ஒற்றும் தாள்! எனக்கு வந்த மாப்பிள்ளை டைரி கிட்டத்தட்ட அந்த ஜாதிதான்.

அப்படியென்றால் ஊரில் மற்றவர்கள் ஏன் புகார் சொல்லவில்லை? 1938-ல் ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பிரோ காப்புரிமை வாங்கிய பால்பாயிண்டில் இருப்பது எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு மை. அது எந்தக் காகிதத்திலும் பரவாது. நாடே அதற்கு மாறிவிட்ட பிறகு, மைக்குத் தோதான காகிதம் கேட்பவர் யார்? கேட்காததைச் செலவழித்துத் தருபவர்தான் யார்?

இதில் தமிழ் எழுதுகிறவர்களுக்குத்தான் கூடுதல் கஷ்டம். ஆங்கிலத்தில் பாதி எழுத்து குச்சி. நம்முடையதோ சுழி மேல் சுழி. இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண', இரண்டும் ஊறினால் ஒரே கறுப்பு உருண்டை. 'கி'யின் கொக்கிக்கும் 'கீ'யின் சுழிக்கும் வித்தியாசம் ஒரு குண்டூசித் தலை அளவு. 'ப்' மேல் இருக்கும் புள்ளி தடித்தால் 'பி' ஆகிவிடும். ஆகவே, தமிழுக்கு நல்ல காகிதம் வேண்டும் என்பது மொழிப்பற்று அல்ல. வெறும் கண்பார்வை!

டிசம்பர் முதல் வாரம் கிளம்பினேன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவில்தான் முன்பெல்லாம் புத்தகக் கடைகளும் நோட்டுக் கடைகளும் தையல் மெஷின்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அந்தக் கடைகளை அங்கிருந்து எடுத்துப் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு மூச்சு வந்தது. அங்கிருந்து ஆரம்பித்து மாசி வீதிகளைச் சுற்றி, கடைசியில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் ஏறினேன். இளவயதுக் கடைக்காரர்.

"தம்பி, இந்த டைரியில கொஞ்சம் எழுதிப் பார்க்கலாமா?"

"என்ன சார் சொல்றீங்க? பேனாவைத்தான் எழுதிப் பார்ப்பாங்க. டைரியை யாராச்சும் எழுதிப் பார்ப்பாங்களா?"

"சேலை வாங்கினா கசக்கிப் பார்க்கிறோம். தேங்காய் வாங்கினா தட்டிப் பார்க்கிறோம்..."

"தட்டிப் பாருங்க சார், வேண்டாம்கலை. எழுதினப்புறம் நான் யாருக்கு விக்கிறது?"

நியாயம். அம்மா கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "எங்க அப்பத்தாவுக்கும் சுகர்தான் சார்" என்று உள்ளே போய், மூலை நசுங்கியது, அட்டை கீறியது என்று ஐந்து கம்பெனி டைரிகளைக் கொண்டு வந்து பரப்பினார். "கடைசியில 'நோட்ஸ்' பக்கம் இருக்கும், அதுல எழுதுங்க. எல்லாம் உள் பக்கத்துக் காகிதம்தான்." இது நல்ல குறிப்பு. முன் பக்கங்களில் ஊர்களின் தூரம், முதலுதவி, உங்கள் காலணி அளவு என்று அச்சடித்திருக்கும் காகிதம் சில டைரிகளில் வேறாக இருக்கும். அதில் எழுதிப் பார்த்து ஏமாறக் கூடாது.

எல்லாவற்றிலும் ஒரே வரி எழுதினேன்: 'அண்ணனின் பணம் 3806'. சுழி, புள்ளி, மூணு, எட்டு, எல்லாம் அடக்கம். 

முதல் டைரியில் அண்ணனும் பணமும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். வீட்டில் நடப்பதுதான், டைரியிலுமா? இரண்டாவதில் முன்பக்கம் அழகு, திருப்பினால் பின்பக்கத்திலும் அதே அழகு! மூன்றாவது வழவழப்பு. மை ஊறவே இல்லை, ஆனால் காயவும் இல்லை. இருபது எண்ணிவிட்டு விரலை வைத்தேன், அண்ணன் என் விரலோடு வந்துவிட்டார். கஞ்சி அதிகமானாலும் ஆபத்துதான். நான்காவது, காகிதம் தங்கம். ஆனால் முதுகில் பசை மட்டும் தடவி ஒட்டியிருந்தார்கள். விரித்து வைத்தால் எலிப்பொறி மாதிரி டபக்கென்று மூடிக்கொண்டது. ஈர மை மேல் எதிர்ப் பக்கம் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்?

ஐந்தாவது பார்க்க ஏழைத் தோற்றம். சாதா ரெக்ஸின் அட்டை, லேசான பழுப்புத் தாள், தங்க ஓரம் கிடையாது. மை விழுந்த இடத்தில் நின்றது, பத்து எண்ணுவதற்குள் காய்ந்தது, பின்பக்கம் லேசாக நிழல் மட்டும். நடுவில் நூல் தையல் தெரிந்தது. மேஜையில் வைத்தால் சமர்த்தாக விரிந்து படுத்தது.

"இது அறுபது ஜிஎஸ்எம்தான் சார். அந்த ரெண்டாவது எண்பது" என்றார் கடைக்காரர் ஆச்சரியத்தோடு. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு. கனமான காகிதம் நல்ல காகிதம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஜப்பானில் 'டோமோய் ரிவர்' என்று ஒரு காகிதம் உண்டு. 52 கிராம்தான், வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். ஆனால் உலகத்து மைப் பேனாக்காரர்கள் அதற்கு உயிரை விடுகிறார்கள். சூட்சுமம் கனத்தில் இல்லை, கஞ்சியில்! காகித ஆலைகளில் இதற்கென்றே 'காப் சோதனை' வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்தில், வழக்கமாக 60 நொடியில், ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் தண்ணீர் குடிக்கிறது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். அது கையில் இல்லாத ஒரு பழைய பைண்டர் எனக்குச் சொன்ன வழி, காகித ஓரத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது. சட்டென்று ஒட்டி ஈரத்தை உறிஞ்சினால் மைக்கு ஆகாது. கடையில் இதைச் செய்தால் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். வீட்டில் செய்தேன், மனைவியும் அப்படித்தான் பார்த்தாள்!

"இதெல்லாம் எங்கே தம்பி தயாராகுது?" என்று கேட்டேன். "வேற எங்க, நம்ம சிவகாசிதான்." மதுரையிலிருந்து ரெண்டு மணி நேர பஸ் பயணம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது, அதிலிருந்து அச்சுத் தொழில் வளர்ந்தது. இன்று காலண்டரும் டைரியும் அங்கிருந்து ஊர் ஊராகப் போகின்றன. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது அந்த ஊர் வழக்கம். நாம் மார்கழியில் தேடுவதை அவர்கள் ஆடியிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். காகிதத்துக்கும் வெகு தூரம் போக வேண்டாம். தமிழக அரசு 1979-ல் தொடங்கிய கரூர்ப் பக்கத்துக் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சாற்றைச் சர்க்கரை ஆலை எடுத்துக்கொள்ள, சக்கை எழுத வருகிறது. அம்மாவின் சர்க்கரைக் கணக்கைக் கரும்புச் சக்கையில் எழுதுவது என்றால் பொருத்தம்தானே!

ஐந்தாவது டைரியையே வாங்கினேன். 240 ரூபாய். வாழ்க்கையில் காசு கொடுத்து நான் வாங்கிய முதல் டைரி. அதோடு மையையும் மாற்றினேன். ராயல் ப்ளூ கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் தண்ணீர் டம்ளர் சாய்ந்தால் எழுத்தும் சாய்ந்துவிடும். இப்போது நிரந்தர ப்ளூ பிளாக். நிப்பும் கொஞ்சம் மெல்லியது. மெல்லிய நிப் குறைவாக மை விடும், 3-இன் வாய் திறந்தே இருக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். ராகுகாலம், எமகண்டம், திதி, நட்சத்திரம் எல்லாம் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டால் எழுத இடம் இருக்காது. பஞ்சாங்கத்துக்குச் சுவரில் காலண்டர் இருக்கிறது. அடுத்து, ஞாயிற்றுக்கிழமை. சில டைரிகளில் சனிக்கும் ஞாயிற்றுக்கும் சேர்த்து ஒரே பக்கம். சர்க்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. 365 நாளுக்கும் முழுப் பக்கம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அதே கம்பெனி அடுத்த வருஷமும் அதே காகிதம் போடும் என்று நம்பிவிடவும் வேண்டாம். காகிதம் வருஷா வருஷம் மாறலாம்.

"ஒரு டைரிக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று நீங்கள் கேட்கலாம். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை, சாகிற தறுவாய் வரைக்கும், தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அது 1846-ல் கண்டெடுக்கப்பட்டு, பிறகு 1904-லிருந்து 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் போய் 85 வருஷம் கழித்து இன்னொருவர் எடுத்துப் படித்தாரே, அதற்கு அவர் எழுதியது மட்டும் போதுமா? எழுத்தைக் காகிதமும் தாங்கியிருக்க வேண்டாமா? அண்ணனும் பணமும் கலந்திருந்தால் சரித்திரம் என்ன ஆகியிருக்கும்!

நம் டைரியைச் சரித்திரம் தேடி வரப்போவதில்லை. ஆனால் இன்றைக்கு எழுதியதை நாளைக் காலையில் வேறொரு கை எடுத்துப் படிக்கப் போகிறது. மனைவியோ, மகளோ, டாக்டரோ. கொடுத்த கடன், வாங்கிய கடன், தண்ணீர் விட்ட நாள், மாத்திரை மாற்றிய தேதி, எதுவானாலும் அவர்கள் கண்ணுக்கு நாம் எழுதியபடியே போய்ச் சேர வேண்டும்.

ஆகவே, அடுத்த தடவை டைரி வாங்கப் போகும்போது அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சட்டைப்பையில் பேனாவைக் குத்திக்கொண்டு, மை நிரப்பிக்கொண்டு போங்கள். கடைக்காரர் முறைத்தால், மூலை நசுங்கியது ஒன்று கேளுங்கள். கட்டாயம் உள்ளே இருக்கும்.